நூறுக்கு நூறு

களுவாஞ்சிகுடி. பிரதான வீதி.
குகதாசன் அண்ணனின் ஸ்டூடியோவில்
பகல் முழுக்க அடையாள அட்டைப் படம்.
காது இரண்டும் தெரிய வேணும்,
சிரிக்கக் கூடாது.
ஷட்டரைப் பாதி இழுத்த பிறகு
கணினி என்னுடையது.

அவளுக்குப் பெயர் இல்லை.
இருபது பாகத் தொடரில் ஒன்பதாவது பாகம்,
எழுத்தோட்டத்தில் ‘மருந்துக்கடைப் பெண்’.
மொத்தம் மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.
கதாநாயகி அழுதுகொண்டு வந்து
தலையிடிக் குளிசை கேட்கிறாள்,
இவள் எடுத்துக் கொடுக்கிறாள்,
மிச்சக் காசை எண்ணிக் கொடுக்கிறாள்.
எல்லாரும் கண்ணீரைப் பார்த்திருப்பார்கள்.
நான் காசெண்ணும் விரலைப் பார்த்தேன்.

ஒரு செக்கனுக்கு இருபத்துநாலு படம்.
ஒவ்வொன்றாய் நகர்த்தினால்தான் தெரியும்
ஒரு முகம் எத்தனை தரம்
முகமில்லாமல் போகிறதென்று.
பாதி மூடின கண். கோணின உதடு.
மூக்கிருந்த இடத்தில் ஒரு இழுவை.
நானூறு படம் தள்ளி ஒன்று வந்தது:
கதவு மணி கேட்டுத் திரும்புகிறாள்,
வருவது யாரென்று இன்னும் தெரியாமல்.

மறுகா வெட்டு.
நூறு புள்ளி அகலம், நூறு புள்ளி உயரம்,
பெருவிரல் நகத்தளவு வீடு.
அலுமாரி போகட்டும்.
கதாநாயகியின் தோள் போகட்டும்.
அடியில் ஓடும் எழுத்து, ‘இருமலும் இருக்கா?’
அதை எடுத்தால் நாடியும் போகும்.
நாடியை விட்டுக்கொடுத்தேன்.
கடை விளக்கின் பச்சையை
வளைகோட்டில் பிடித்து நீலத்துக்கு இழுத்தேன்.
மேலே ஒரு படலம், நாற்பது வீதம்.
சிறிதாக்கக் கண் மங்கியது; கூராக்கினேன்.
ஒரு தரம்தான். இரண்டாம் தரம் முகம் மணலாகிவிடும்.

காதோரம் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்
பிடிவாதமாய் நின்றது.
அழிக்கப் போனேன், கரண்ட் போனது.
அப்படியே விட்டேன், கா.

பாட்டு ஏற்ற வருகிறவர்களின் மெமரி கார்டில்
கேட்காமலே ஒரு கோப்புறை சேர்த்துவிடுவேன்.
அறுபது சின்னப் படம், ஒரு பாட்டின் பாரம்கூட இல்லை.
அண்ணனுக்குத் தெரியாது.
“ஆரக்கா இந்த மனிசி?” என்று
ஒரு பொடியன் மட்டும் திரும்பி வந்தான்.
மருந்துக்கடை வைத்திருக்கிறா, என்றேன்.

புரட்டாதியில் பிரிண்டருக்கு மை வாங்க
மட்டக்களப்புக்குப் போனேன்.
காத்தான்குடியில் ஏறின பிள்ளை
பக்கத்தில் இருந்தாள், மடியில் கணக்கியல் புத்தகம்.
கல்லடிப் பாலத்தில் அவள் போன் அதிர்ந்தது.
திரையில் என் மருந்துக்கடைக்காரி
திரும்புகிறாள்.
கீழே பெயர்: உம்மா.

பெரிதாகி இழுபட்டதில்
பச்சைப் புள்ளி ஒரு பயற்றம் பருப்பளவு.

“பாலத்துல போறன் உம்மா.
ஓம். ஓம். சாப்பிட்டன்.
நீங்க குளிசையக் குடிச்சீங்களா?”

படம் எடுக்க விடாத உம்மாவாக இருக்கலாம்.
சாயலாக இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமல்,
கைக்கு வந்த முகமாகவும் இருக்கலாம்.
கேட்க வாய் உன்னியது.
கேட்டால் நான் ஆரென்று சொல்ல வேணும்.
அரசடியில் இறங்கிப் போய்விட்டாள்.
மை வாங்கினேன். கறுப்புக்குப் பதிலாய் மஞ்சள்.
அண்ணனிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்றிரவு கோப்பைத் திறந்து
எண்ணூறு வீதம் பெருக்கினேன்.
கண்ணும் கன்னமும் போய்
வெறும் சதுரங்கள், குளியலறைத் தரை மாதிரி.
நடுவில் அந்தப் பச்சை.
அழிப்பானை அதன்மேல் வைத்தேன்.
ஆராவது இனி இதை வைத்து
உம்மாவைத் தேடினால்?
கையை எடுத்தேன்.

காலையில் முதல் ஆள்
பழுகாமத்துச் சாமித்தம்பி.
காது இரண்டும் தெரிய வேணும், என்றேன்.
வெளியே பஸ் ஹோர்ன்.
அவர் திரும்ப, என் விரல் அமத்திவிட்டது.

அட்டைக்குச் செல்லாத படம்.
அடுத்ததை எடுத்தேன்.
முந்தினதை இன்னும் வைத்திருக்கிறேன்.